சரணடைந்த பிறகு ஒரு தீர்ப்பு

ஹென்னிங் ப்ரோடர்சனை நாங்கள் 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. எங்கள் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன்; அதில் இருந்த நாற்பத்தாறு பேரில் அவர்தான் மூத்தவர். நான் வயர்லெஸ்காரன். அவருடைய படுக்கைக்கும் என் கருவிக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைச்சீலை மட்டும்தான்.

பதினொரு கப்பல்களை மூழ்கடித்தவர். மனிதர் மோசமில்லை. இரண்டாம் உலகப்போரின் முதல் வருடம், மூழ்கிய கப்பலின் ஆட்கள் படகுகளில் மிதந்தபோது கிட்டே போய் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து, கரை எந்தத் திசை என்றும் சொல்லி அனுப்பினார். அப்படிச் செய்யக்கூடாது என்று பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. அதன் பின் படகுகள் கண்ணில் பட்டால் பெரிஸ்கோப்பை இறக்கிவிடுவார்.

கார்ஸ்டன் லூடர்ஸ் எங்கள் இயந்திர அறைக்காரன். நாற்பத்துமூன்றில் எதிரியின் வெடிகுண்டில் பின்பக்கம் தண்ணீர் புகுந்தபோது, இடுப்பளவு நீரில் இறங்கி வால்வை மூடியவன் அவன். இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. ப்ரோடர்சன் தன் கையால் அவன் மார்பில் பதக்கம் குத்தினார்.

"அடுத்த தடவை நீங்க இறங்குங்க கேப்டன். தண்ணி ஜில்லுனு இருக்கு" என்றான் லூடர்ஸ். ப்ரோடர்சன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாற்பத்தைந்தில் எங்கள் கப்பல் உதவாது என்று ஒதுக்கப்பட்டது. நார்வேயில் ஒரு சின்னத் துறைமுகத்துக்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். லூடர்ஸும் நானும் அங்கேதான். மே எட்டாம் தேதி ஜெர்மனி சரணடைந்த செய்தி வந்தது. நான்தான் எழுதி அவர் கையில் கொடுத்தேன். படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் சொல்ற வரைக்கும் வெளிய பேசாதே" என்றார்.

நான் லூடர்ஸிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை அவன் ஒரு பையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஸ்வீடன் எல்லையை நோக்கி நடந்தான். மூன்று மணி நேரத்தில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மீன் பதப்படுத்தும் கொட்டகையில் மேசை போட்டு விசாரணை. நடுவில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்ததும் லூடர்ஸின் முகம் தெளிந்தது.

"எங்க கிளம்பின?"

"வீட்டுக்கு, கேப்டன். போர்தான் முடிஞ்சிடுச்சே."

"முடிஞ்சதுன்னு உனக்கு யார் சொன்னா?"

நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். லூடர்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றான்.

படையை விட்டு ஓடியதற்கு மரண தண்டனை. ப்ரோடர்சன் கையெழுத்திட்டதும் நான் அவர் அறைக்குப் போனேன். "கேப்டன், இவன் நம்ம லூடர்ஸ்" என்றேன்.

"இன்னைக்கு இவனை விட்டா, நாளைக்கு ஒருத்தனும் என் பேச்சைக் கேக்க மாட்டான்" என்றார்.

நாளைக்கு உத்தரவு போட உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நான் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தேன். அன்று பிற்பகல் அவனைச் சுட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வந்தார். ப்ரோடர்சன் கைத்துப்பாக்கியை ஒப்படைத்தார். அந்த அதிகாரி அவருக்கு சிகரெட் நீட்டினார்.

பின்னாளில் மேற்கு ஜெர்மனியில் புதிய கடற்படை தொடங்கியபோது அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பதவி உயர்வும் வந்தது. லூடர்ஸின் தங்கை வீப்கே மட்டும் விடவில்லை. வருடக்கணக்கில் எழுதி எழுதி, அறுபத்திரண்டில் ப்ரோடர்சன் மேல் வழக்கு ஹாம்பர்க் நீதிமன்றத்துக்கு வந்தது. நான் சாட்சி சொன்னேன். செய்தி அவர் சட்டைப்பையில் இருந்ததைச் சொன்னேன். லூடர்ஸிடம் சொன்னவன் நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

பதினேழு வருடத்தில் ஞாபகம் பிசகியிருக்கலாமே என்றார் அவருடைய வக்கீல். சரணடைந்தது அங்கே முறைப்படி அறிவிக்கப்படவில்லை, அன்றைய சட்டப்படி லூடர்ஸுக்குக் கொடுத்த தண்டனை செல்லும் என்றார் நீதிபதி. விடுதலை.

தாழ்வாரத்தில் ப்ரோடர்சன் நேராக என்னிடம் வந்தார். தலை நரைத்திருந்தது. கையை நீட்டினார்.

"உன் மேல எனக்குக் கோபமில்ல ரூஸ்ட். நீ எப்பவும் நல்ல ஆளு."

நான் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "நன்றி கேப்டன்" என்றும் சொல்லிவிட்டேன். பின்னால் வீப்கே நின்றிருந்தாள். காலையில் ரயிலில் வரும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் சாண்ட்விச்சில் பாதியை எனக்குக் கொடுத்தவள்.

திரும்பும்போது அவள் வேறு பெட்டியில் ஏறினாள். எங்கள் ஊரான கீல் வரை ஒன்றரை மணி நேரம் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.