இரைச்சல் என்று ஒதுக்கியது

போர்ட் சயீத்தில் அந்தத் தெரு முழுக்க இன்ஸாஃபின் குலவை பிரசித்தம். அவள் நாக்கைச் சுழற்றாத கல்யாணம் ஒரு கல்யாணமா என்பார்கள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் அவள் தொண்டையில் கத்தி வைத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இப்போது, வருகிற வியாழக்கிழமை சொந்த மகள் நிஹாலுக்கே கல்யாணம். இவளோ மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். குலவையிடாமல் பெண்ணை அனுப்பும் தாயாக நாலு பேர் முன்னால் நிற்பதைவிட வீட்டிலேயே கிடக்கலாமாம்.

மகன் ஐமனுக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவின் பழைய குலவையையாவது மண்டபத்தில் போட்டுவிடலாமென்று தன் கல்யாண வீடியோவைத் தேடி எடுத்தான். ஸ்டுடியோக்காரன் புண்ணியத்தில் அதில் அம்மா வாயசைக்கிறாள், கேட்பதோ எவனோ பாடிய பாட்டு. ஐமன் துறைமுக அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். எதற்கெடுத்தாலும் கருப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்டுவான். இந்தக் கோப்புக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒரு வரி தட்டிக் கேட்டான். ஒரு படம், இரண்டு ஒலித்தடம் என்று பதில் வந்தது. அடேயப்பா! எத்தனை தடவை போட்டாலும் முதல் தடம்தான் பாடியிருக்கிறது. கேமரா கேட்ட அசல் சத்தம் இத்தனை வருஷமும் உள்ளேயே வாயை மூடிக் கிடந்திருக்கிறது.

அடுத்த வரியில் அதைத் தனியே உருவினான். ஜெனரேட்டர் உறுமலாக இருக்கவே, கையோடு இரைச்சலை நீக்கும் கட்டளையையும் சேர்த்துவிட்டான். இன்னொரு வரி தட்டி ஓடவிட்டான். கிளாஸ் உரசுவது கேட்டது, மாமனார் இருமுவதுகூடக் கேட்டது. குலவையைக் காணோம்.

பின்னால் நின்ற நிஹால் சொன்னாள்: "சுத்தம் பண்றேன்னு அம்மாவையே பெருக்கித் தள்ளிட்டியாண்ணே?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது. விடாமல் ஒரே மாதிரி நீளும் கூர்மையான சத்தம். கருவிக்கு அதுவும் இரைச்சல்தானே! கட்டளையில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினான். நீக்கியதை மட்டும் கொடு என்று அதற்கு அர்த்தம்.

ஜெனரேட்டர் உறுமியது. அதன்மேல், பாட்டுமில்லாமல் பேச்சுமில்லாமல், அம்மா மட்டும் தனியாக எழுந்தாள். 

அடுப்படியில் அரிசி அடைக்கக் கத்தரிக்காய் குடைந்துகொண்டிருந்த இன்ஸாஃப் கத்தியும் கையுமாக வந்து நின்றாள். "நானா?" என்றாள், வெறும் மூச்சில். ஐமன் சத்தத்தைக் கூட்டித் திரும்பவும் போட்டான்.

ஜன்னல்கள் திறந்திருந்தன. குலவை காதில் விழுந்தால் பதில் கொடுக்காமல் அந்த ஊரில் எந்தப் பெண்ணால் இருக்க முடியும்? எதிர் பால்கனியில் துணி உலர்த்திய பஹீஜா குலவையிட்டாள். கீழ்வீட்டிலிருந்து ஒன்று, பின்தெருவிலிருந்து ஒன்று. இன்ஸாஃப் பால்கனிக்கு ஓடினாள். பழக்கதோஷத்தில் உள்ளங்கையை மேலுதட்டுக்குக் கொண்டுபோய் நாக்கைச் சுழற்றினாள். காற்றுதான் வந்தது. ஆனால் அந்தக் கையைப் பார்த்த பஹீஜா விட்ட குலவையை மறுபடி எடுத்தாள், தெருவே எடுத்தது. கை இறங்கியதும் அடங்கியது. இன்ஸாஃப் சந்தேகத்தோடு மறுபடி கையைத் தூக்கினாள். மறுபடி எழுந்தது.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மகனின் காதை இழுத்துச் சொன்னாள்:

"வியாழக்கிழமை உன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிட்டு வராதே. என் நீல உடுப்பை இஸ்திரி போடச் சொல்லு."