ஊற்றுகிறவள் எங்கே

சில்வெஸ்டருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கையிலிருக்கும் அரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் மூன்று முறை துடைத்துவிட்டார்.

மர்பி டவுன்காரர் அவர். தொம்மலூரில் ஒரு தனியார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எந்தப் பொருள் வந்தாலும் அதற்கு ஸ்டாண்டு செய்வது அவர் வேலை. பித்தளைக் கம்பியை வளைத்து, பூனை நகம் மாதிரி மூன்று பிடி வைத்து, ஒரு கீறல் படாமல் நிறுத்திவிடுவார். நீங்கள் போனால் பொருளைத்தான் பார்ப்பீர்கள், கண்ணுகளா, கம்பியைப் பார்க்க மாட்டீர்கள். பார்க்கவில்லை என்றால்தான் அவர் சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தத் தடவை வந்தது ஒரு வெள்ளிக் கிண்ணம். மது குடிக்கிற கிண்ணம். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துப் பழசு என்று அங்கே க்யூரேட்டராக இருக்கும் வீணா சொன்னாள். கிண்ணத்தைச் சுற்றி ஒரே காட்சி. ஒரு பக்கம் ஒரு பெண் நின்றபடி கெண்டியைச் சாய்க்கிறாள். கெண்டியின் மூக்கிலிருந்து மூன்று மெல்லிய கோடுகளாக மது கிளம்பி, கிண்ணத்தின் வளைவைத் தாண்டி மறுபக்கம் போகிறது. அங்கே ஒருவன் பீடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு குட்டிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

மூன்று வாரம் அளவெடுத்ததில் அந்த மூன்று கோடும் சில்வெஸ்டரின் விரலுக்கு மனப்பாடமாகிவிட்டது. அவற்றின்மேல் எந்த நகமும் உட்காரக்கூடாது என்று, செய்த ஸ்டாண்டுகள் மூன்றைத் தூக்கி எறிந்துவிட்டு நாலாவதைச் செய்திருந்தார்.

அப்போதுதான் அருங்காட்சியகத்தை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் ரகுராம் உள்ளே வந்தார்.

"என்ன வீணா இது? ஹாலுக்கு என்ன பேர் வெச்சிருக்கோம்? 'நம் கை, நம் கலை'. நுழைஞ்ச உடனே ஒரு கிரேக்கக்காரி நிக்கிறா!"

"சார், அவ வந்து..."

"சுருட்டை முடி, மடிப்பு மடிப்பா துணி. நான் பார்க்காத சிலையா? இந்தப் பக்கம் நம்மாளைப் பாரு. கச்சம் கட்டி, என்ன ஜோரா உக்காந்திருக்கான்! இவன் முன்னாடி வரட்டும். பின்னாடி ஒரு கறுப்புப் பலகை அடிச்சிடுங்க."

"சுத்தி வந்து பார்க்கணும்னுதானே சார் ஹாலுக்கு நடுவுல வைக்கிறோம்?"

"சனிக்கிழமை திறப்பு விழா. விவாதம் பண்ண டைம் இல்ல."

சில்வெஸ்டர் அரத்தைக் கீழே வைத்தார். "கை நீட்டுறவனுக்கு யார் சார் ஊத்துறது?"

ரகுராம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்பா, கம்பிய வளைக்கிறது உன் வேலை. வரலாற்றை நாங்க பாத்துக்கறோம்."

அவர் போனதும் வீணா பூதக்கண்ணாடியை எடுத்துச் சில்வெஸ்டர் கையில் கொடுத்தாள். "அண்ணா, பீடத்துக்குக் கீழ பாருங்க."

"தெரியும்மா. ரெண்டு மேடு தட்டுப்படுது. என்னன்னுதான் தெரியல."

"பூட்ஸ். முழங்கால் வரைக்கும் கயிறு இழுத்துக் கட்டுற பூட்ஸ். வெளியூர்லேர்ந்து வந்தவன் இவன்தான். கழட்டி வெச்சிட்டு நம்ம மாதிரி உக்காந்திருக்கான். அந்தப் பொண்ணைப் பாருங்க. முழங்கை வரைக்கும் வளை, கால்ல தண்டை, கையில கெண்டி. அவதான் நம்ம வீட்டுப் பொண்ணு. செஞ்சவன் அவங்க ஆளை நம்ம பாணியில செதுக்கிட்டான். நம்ம பொண்ணை அவங்க பாணியில."

சில்வெஸ்டர் சிரித்தேவிட்டார். "அட கடவுளே! அப்ப நம்மளை மறைச்சிட்டு அவனைக் காட்டச் சொல்றாரா? போய்ச் சொல்லுங்கம்மா."

"சொன்னா என்ன பண்ணுவார்?"

அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். "திருப்பி வைக்கச் சொல்லுவார்."

"அதேதான். நான் உண்மையைச் சொன்னா பலகை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போகும். அதுக்கா ரெண்டு வருஷம் படிச்சேன்?" கையிலிருந்த பேனாவை அவள் சுவரில் எறிந்தாள். அது உடையக்கூட இல்லை. அதற்கும் சேர்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது.

எனக்கும் வருகிறது. பொய் சொல்லச் சொன்னால் மறுத்துவிடலாம். உண்மை தெரிந்தும், அதைச் சொன்னாலே கெடுதல் என்று ஒருத்தியை வாயை மூடவைத்தால் அவள் என்னதான் செய்வாள்?

வீணா நாலு நாள் வாய் திறக்கவில்லை. சில்வெஸ்டர் பலகை செய்தார். டிரஸ்டில் மரம் கேட்கவில்லை. தன் வீட்டில் கிடந்த பழைய அலமாரிக் கதவை அறுத்துக் கறுப்படித்துக் கொண்டுவந்து, கண்ணாடிப் பெட்டியின் பின்பக்கம் நாலு திருகாணி போட்டு நிறுத்தினார். நாலையும் விரலாலேயே முடுக்கினார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் ருக்மிணி அம்மாள் இருந்தார். மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம். பூஜை அலமாரியிலிருந்து எடுத்து அந்தக் கிண்ணத்தை டிரஸ்டுக்குக் கொடுத்தவரே அவர்தான்.

ரகுராம் மைக்கைப் பிடித்தார். "இதோ, நம் மூதாதை! அவர் உட்கார்ந்திருக்கும் கம்பீரத்தைப் பாருங்கள்!" என்று சொல்லிக் கைகூப்பினார்.

ருக்மிணி அம்மாள் எழுந்து கண்ணாடி அருகே போனார். குனிந்து பார்த்தார்.

"இவன் யாராண்ட கையேந்தறான்? ஊத்தறவ எங்கே?"

"அது பின்பக்கம் மேடம்..."

"பின்பக்கமா? எங்க மாமியார் இதுல தீர்த்தம் வெக்கச்சே அவளைத்தான் எங்களைப் பாக்க வெப்பார். அவளை என்ன பண்ணேள்?"

"அவ வெளிநாட்டுக்காரி மேடம். ஹாலோட கருத்துக்கு..."

"வெளிநாட்டுக்காரன் இவன் சார்!" வீணாவின் குரல் மைக்கே இல்லாமல் ஹால் முழுக்கக் கேட்டது. "நீங்க மூதாதைன்னு கும்பிட்டீங்களே, இவன்தான். பீடத்துக்குக் கீழ அவனோட பூட்ஸ் இருக்கு, எல்லாரும் வந்து பாருங்க. பலகைக்குப் பின்னாடி நிக்கிறவ நம்ம பொண்ணு!"

நாற்காலிகள் இழுபட்டன. செல்போன்கள் உயர்ந்தன. ரகுராம் மைக்கைப் பொத்திக்கொண்டு சீறினார்: "அப்போ திருப்பி வை! சில்வெஸ்டர், திருப்புய்யா!"

சில்வெஸ்டர் மெதுவாக நடந்து வந்தார்.

"திருப்பிடலாம் சார். திருப்பினா நம்ம பொண்ணு பலகை மேல ஊத்துவா. இப்படியே விட்டா வந்தவன் பிச்சை கேப்பான். ரெண்டுல எது வேணும்? மைக்குல சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

வாசலில் நின்ற காவலாளி முனிராஜ், "சரியாகி ஹேள்தே குரு!", சரியாகச் சொன்னாய் என்று கன்னடத்தில் உரக்கச் சொல்லிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெளியே போ!" என்றார் ரகுராம். "இனிமே இங்க கால் வெக்காதே."

"போறேன் சார். கம்பிய வளைச்சேன், ஒழுங்கா நிக்குது. நீங்க வளைச்சது நிக்கல. பலகை என்னோடது, எடுத்துக்கறேன்."

விரலாலேயே நாலு திருகாணியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் வெளியேறினார். கூட்டம் பின்பக்கம் போயிற்று. ருக்மிணி அம்மாள்தான் முதலில் போனார்.

அதற்குப் பிறகு கமிட்டி மூன்று தடவை கூடியது. மறைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கத்தை என்றுதான் ஒத்துப்போகவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பலகை கிடையாது. வீணா மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கொடுக்கவில்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை சில்வெஸ்டர் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றார். முனிராஜ் குறுக்கே கை வைத்தார்.

"சில்வெஸ்டர்னு யார் வந்தாலும் விடக்கூடாதுன்னு ஆர்டர் குரு."

"அப்படியா?"

"போட்டோ எதுவும் குடுக்கல. பேர் மட்டும்தான் குடுத்திருக்காங்க." முனிராஜ் கூரையைப் பார்த்தார். "உங்க பேர் என்ன சார்?"

"யூஜின்," என்றார் சில்வெஸ்டர். அது அவருடைய மச்சான் பேர்.

உள்ளே போய்க் கிண்ணத்தை மூன்று முறை சுற்றினார். அவள் ஊற்றினாள். கோடு மூன்றும் எங்கும் அறுபடாமல் போய் அவன் கிண்ணத்தில் விழுந்தன. பக்கத்தில் நின்ற யாரும் கம்பியைப் பார்க்கவில்லை.

தான் செய்த வேலையைத் தானே பார்க்க மச்சான் பேரில் வர வேண்டியிருக்கிறது. சில்வெஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.