மூச்சுக்காரியின் முன்பற்கள்

பல் டாக்டருக்குத் தன் கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவர் கட்டிய பல்லை நிஜப்பல் என்று நம்பி ஏமாந்த சம்பந்திகள் ஏராளம். அப்படிப்பட்டவரிடம் மூச்சுக்காரியே முன்பல் கட்ட வந்தால் தலைகால் புரியுமா?

மூச்சுக்காரியைத் தெரியாதவர்கள் யார்? நெசவாலையில் வேலை பார்த்தபோது, சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து, நாயனம் மாதிரி சீவாளி வைத்த குழலை ஊதிப் பழகியவள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த நெஞ்சு நோகுற வேலை?" என்று கேட்டவர்களே பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளுடைய தேதிக்காகக் காத்துக் கிடந்தார்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சிழுப்பாள். பாட்டில் ஓர் இழைகூட அறுபடாது. நாற்பத்து நாலு வருஷம் இப்படியே ஊதி எட்டு நாட்டு மேடைகளைப் பார்த்துவிட்டாள்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முன்பல் இரண்டும் போய்விட்டன. வருகிற வெள்ளிக்கிழமை மேடை. அவளால் முடியாது என்றால் குழலை எடுத்துவிட்டுக் கீபோர்டு வைத்துக்கொள்வதாகக் குழுவை நடத்துகிறவர் சொல்லிவிட்டார்.

டாக்டர் அவளுடைய பழைய போட்டோவைப் பார்த்தார். முன்பல் இரண்டும் கோணலாக உள்வாங்கி இருந்தன. பாவம், மேடையேறும் பெண்மணி, இதையாவது நேராக்கிக் கொடுப்போம் என்று, கழற்றி மாட்டுகிற மாதிரி செட் ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். மாட்டிவிட்டதும் அவள் கணவர், எப்போதும் அவளுக்கு மேளம் வாசிக்கிறவர், கண்ணாடியை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு அழகா இருந்தா இனிமே என்னைப் பக்கத்துல வச்சுக்குவியா?"

அவள் சிரித்துக்கொண்டே குழலின் நாணல் சீவாளியை உதட்டில் வைத்து ஊதினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர், அந்தப் பல்லு பிறவியிலேயே கோணல் இல்ல. சீவாளியை அழுத்தி அழுத்தி நானே உள்ள தள்ளினது. உதடு போய் உட்கார அங்க ஒரு பள்ளம் இருக்கும். நீங்க அதை அடைச்சிட்டீங்க."

டாக்டருக்குச் சுருக்கென்றது. நாற்பத்து நாலு வருஷ உழைப்பை அவர் குறை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்.

"புதுசா செஞ்சு தரேம்மா. பத்து நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமை மேடை. உங்க அரத்தைக் குடுங்க. சீவாளி எல்லாம் நானே சீவுறவதானே?"

கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். அவள் பல்லைக் கழற்றி, ஜன்னலோரம் நின்று, இரண்டு இழுப்பு இழுத்தாள். மாட்டினாள், ஊதினாள், கழற்றினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் டாக்டர் தடுக்கக் கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டார். அவளோ பல்லின் பக்கம் பார்க்கவே இல்லை. காது சொல்கிற இடத்தில் கை போனது. எங்கே எவ்வளவு போக வேண்டும் என்று அவருடைய அளவுகோல்கள் எதுவும் சொல்லியிருக்காது. ஒன்பதாவது முறை குழல் திறந்துகொண்டது.

நீளமாக ஒரே ஒரு சுரம். வெளியே வரிசையில் இருந்தவர்கள் பல்வலியோடு எழுந்து வந்து கதவருகே நின்றார்கள். சுரம் நிற்கவில்லை. அதுவரை கிண்டல் பேசிக்கொண்டிருந்த கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். இப்படி ஒரு கைக்காரியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று டாக்டருக்குத் தோன்றியது; பொறாமைகூட வரவில்லை.

அவள் பல்லைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். கோணலும் மாணலுமாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது.

"இதுக்கு அச்சு எடுத்து, இதே மாதிரி இன்னும் ரெண்டு செட் செஞ்சு வச்சிருங்க டாக்டர்."

"ரெண்டு எதுக்கும்மா? ஒரு செட்டே ஏழெட்டு வருஷம் வரும்."

"அதான் சொல்றேன்," என்றாள் அந்த அறுபத்திரண்டு வயதுக்காரி. "எனக்கு இன்னும் இருபது வருஷம் ஊத வேண்டியிருக்கு."