திருத்தியவர் பெயர்

ஸ்கேல் அண்ணனை அவள் நேரில் பார்த்ததில்லை. அவர் ஊருக்கும் அவள் ஊருக்கும் நடுவே ஒரு கடலும் நான்கு மணி நேர வித்தியாசமும் கிடந்தன. இருவரும் ஒரே நிறுவனத்துக்காக, கட்டப்போகும் ஒரு மருத்துவமனையின் தண்ணீர்க் குழாய்களையும் கழிவுக் குழாய்களையும் வரைந்தார்கள். வரைபடம் இணையத்தில் இருந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்வாள். இருவரும் அதை ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தில் அவருடைய கர்சர், ‘ஸ்கேல்’ என்ற பெயரைச் சுமந்துகொண்டு அவள் திரையில் எறும்பு போல ஊரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் திரை மேலேயே மர ஸ்கேலை வைத்து அளந்தாராம். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டம் போல வாங்கிப் போட்டுக்கொண்டார்.

சில வாரங்களாக அந்த எறும்பு வழி தவறிக்கொண்டிருந்தது. ஒரு வால்வைத் தொட வேண்டுமானால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பக்கத்தில் போய் உட்காரும். கழிவுக் குழாயின் அளவைத் தண்ணீர்க் குழாயின் மேல் எழுதிவிட்டுப் போயிருந்தார் ஒருநாள். மீட்டிங் முடிந்து மற்றவர்கள் கலைந்தபின் அவள் கேட்டாள்.

“அண்ணே, ரெண்டாவது மாடி பாத்தீங்களா?”

“ஏம்மா, சொதப்பிட்டேனா?”

“கொஞ்சம்.”

மியூட்டில் போட்டுவிட்டாரோ என்று பார்த்தாள். இல்லை.

“கண்ணுதாம்மா. ஒண்ணுல திரை போட்டாச்சு. இன்னொண்ணும் அதே வழியில கிளம்பிடுச்சு. ஆபரேஷன் பண்ணா அதையாவது பிடிச்சு நிறுத்தலாம்னு டாக்டர் சொல்றார். ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல அடுத்த மாசக் கடைசியில தேதி கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் வேலை இருக்கணும். வேலை போனா இன்ஷூரன்ஸ் போச்சு, அதோட கண்ணும் போச்சு.”

“லீவு போட முடியாதா?”

“உங்க அண்ணி படுத்தப்பவே எல்லாத்தையும் தின்னு தீத்துட்டேன்.”

“மேனேஜர்கிட்ட சொன்னா என்ன?”

“கண்ணு தெரியாதவன் ஆஸ்பத்திரிக்குக் குழாய் வரையறான்னு நானே போய்ச் சொல்லணுமாக்கும். நீ வேற.”

பிழை கண்டால் அந்த இடத்தில் ஒரு குறிப்பைக் குத்தி, வரைந்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் வேலையின் விதி. அன்றிலிருந்து அவள் குறிப்புக் குத்தவில்லை. தன் வேலை முடிந்ததும் அவர் தாள்களைத் திறந்து, ஓசைப்படாமல் அவளே சரிசெய்தாள். தவறான அளவை அழித்து, இடம் மாறிய வால்வை நகர்த்தி, எதுவும் நடக்காதது போல மூடிவைப்பாள்.

“யார் வீட்டுக் குழாய்க்கு இப்படி அடைப்பு எடுக்கற?” என்று கேட்டான் கணவன்.

“அண்ணனோடது.”

“எனக்குத் தெரியாம உனக்கு ஏது அண்ணன்?”

அவள் சிரித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள்.

வரைபடத்தில் யார் எதை மாற்றினாலும் அது தானே குறித்துவைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியாததல்ல. தவறிப்போய் அழித்த கோட்டை மீட்க அவளே பலமுறை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். ஆனால் அது இன்னொருவரிடம் போய் வாய் திறக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் பிறந்த முதல் வாரத்தில் மேனேஜர் அவளைத் தனியாக மீட்டிங்குக்கு அழைத்தார். தன் திரையை அவளுக்குக் காட்டினார். வரைந்தவர் பெயர் என்று ஒரு பத்தி, திருத்தியவர் பெயர் என்று ஒரு பத்தி. முதல் பத்தி நெடுக ஸ்கேல். இரண்டாவது நெடுக அவள்.

“மேலிடமே அசந்துபோச்சும்மா. இத்தனையையும் ஒரு புகார் கூட இல்லாம சரி பண்ணியிருக்கீங்க. இனிமே குழாய் டீமுக்கு நீங்கதான் லீட்.”

“சார், அவருக்கு உடம்பு சரியில்ல. கண்ணு. இந்த மாசக் கடைசியில ஆபரேஷன். அதுவரைக்கும் அவர் வேலையையும் நான் பாத்துக்கறேன். லீடெல்லாம் வேணாம்.”

மேனேஜரின் முகம் மாறியது. அவர் கெட்ட மனிதர் அல்ல.

“அவர் ஒண்ணுமே சொல்லலையே. காலையிலதான் அவரைக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்தினாங்க. அக்கவுண்ட்டையும் மூடியாச்சு. எல்லாத்துக்கும் சரின்னார். அந்தப் பொண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாராம். எதுக்குன்னு அப்ப யாருக்கும் புரியல.”

“அவரைத் திரும்ப எடுக்க முடியாதா சார்?”

“கேட்டுப் பாக்கறேன்” என்றார். மாலையில், முடியாதாம் என்று ஒரு வரி அனுப்பினார்.

ஸ்கேல் அண்ணனின் போன் நம்பரைத் தேடிப் பிடித்து அவள் கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் போனில் பேசுவது அதுதான் முதல் முறை.

“என்னாலதாண்ணே.”

“பைத்தியம். நீ ஒவ்வொண்ணா திருத்தும்போதும் எனக்கு மெயில் வரும்மா. உங்க வரைபடம் திருத்தப்பட்டதுன்னு. உங்க அண்ணிதான் படிச்சுக் காட்டுவா. வேணாம்மான்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். தேதி வரைக்கும் எப்படியாவது ஓடிடும்னு ஒரு நப்பாசை.”

“ஆபரேஷனை வெளியில பண்ணிக்க முடியாதா?”

“விக்கறதுக்கு இருக்கறது வாடகை வீடு. அதை வித்தா ஓனர் அடிப்பான்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு, “ஆமா, ஆபீஸ் குரூப்ல ஏதாவது போட்டாங்களா? என்னைத் தூக்கிட்டாங்க, எனக்கு ஒண்ணும் வரல” என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். அவர் விலகியதாக மேனேஜர் எழுதிய இரண்டு வரிகளுக்குக் கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக நின்றன. ஒருவர் மட்டும் ‘நன்றி’ என்று எழுதியிருந்தார்.

“நிறைய போட்டிருக்காங்கண்ணே.”

“படியேன்.”

“ஸ்கேல் அண்ணன் இல்லாத மீட்டிங்ல யார் எங்களைச் சிரிக்க வைப்பாங்கன்னு அக்கவுண்ட்ஸ் அக்கா.”

“ம்.”

“அப்புறம் எலக்ட்ரிக்கல்காரர். ஒவ்வொரு சுவருக்கும் என்கூட மல்லுக்கட்டுவார், ஆனா அவர் குழாய் போன இடத்துல ஒரு சொட்டு ஒழுகினதில்லன்னு.”

“பொய் சொல்லாத. அவன் கட்டைவிரலுக்கு மேல எதையும் தூக்கமாட்டான்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. “இங்க வந்து உக்காரு, ஸ்பீக்கர்ல போடறேன்” என்று யாரையோ கூப்பிட்டார்.

“அந்தக் குழாய் ஒழுகலன்னு போட்டானே, அதை இன்னொரு தரம் படிம்மா. உங்க அண்ணியும் கேக்கட்டும்.”