மூன்றாவது அடியில் வரும் பிடி

பாட்டின் மூன்றாவது அடி தொடங்கும் இடத்தில் பனயிஸ் மறுபடியும் நின்றுவிட்டான். வாய் திறந்தபடியே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் மனைவி ரூபினி கிட்டாரில் அதே இடத்தை இன்னொரு முறை மீட்டினாள். அவளுக்குத் தெரிந்த விரல்பிடிகளில் ஒன்றைப் போட்டாள், அது இல்லையென்று அடுத்ததைப் போட்டாள், பிறகு முதலாவதற்கே திரும்பினாள். அவன் தலையை ஆட்டினான். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தான். "சரி," என்றான். "சரி, சரி, சரி."

அந்த ஒரு சொல்தான் அவனிடம் மிஞ்சியிருந்தது. கார்னிவல் சமயத்தில், தீவின் லிக்சூரி துறைமுகத்தை ஒட்டி, அவன் குழுவோடு வாசிக்கும் உணவுக்கடையில், பாட்டு தொடங்குவதற்கு முன் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது கிட்டாரோடு பக்கவாட்டில் சரிந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது பக்கம் முழுக்கச் செத்திருந்தது. பேச்சு போயிருந்தது. பசித்தால் சரி, வலித்தால் சரி, மூத்திரம் வந்தால் சரி, காபியில் சர்க்கரை போட்டுவிட்டாளென்று கோபம் வந்தாலும் சரிதான். "முப்பது வருஷமா எதுக்குமே சரின்னு சொல்லாத பய," என்று பார்க்க வந்த, குழுவில் மாண்டலின் வாசிக்கும் மேமாஸ் சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

பாட்டு வரக்கூடும் என்று சொன்னது ஆர்கொஸ்தோலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். படகில் அக்கரைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் அவள் படங்களைக் காட்டுவாள். மீன், சாவி, தொப்பி. எல்லாவற்றுக்கும் பனயிஸ் ஒரே பதிலைத்தான் சொன்னான். "பேச முடியாத சில பேருக்குப் பாட முடியும். அவர் நல்லா அறிஞ்ச பாட்டா பாத்துத் தொடங்குங்க. அது வழியா நாலு சொல்லு வந்தாலும் வரும். வராமயும் போகலாம்," என்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும் ரூபினி அலமாரியின் மேலிருந்து கிட்டாரை இறக்கினாள். அவளுக்கு மூன்று பிடிகள் தெரியும். சி, ஜி, ஏ மைனர். கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையில் வைத்து அவன்தான் சொல்லிக்கொடுத்தான். இன்னும் வேண்டும் என்று கேட்டபோது, "வீட்டுக்கு இது போதும்," என்று கன்னத்தைக் கிள்ளினான். அந்த மூன்றை வைத்துக்கொண்டு மகளுக்குத் தாலாட்டு பாடினாள், பிறந்தநாள் பாட்டுகள் பாடினாள். மற்றதெல்லாம் கடையில் இருந்தது, அவனுடைய விரல்களில் இருந்தது.

அவள் எடுத்துக்கொண்டது அவன் அவளுடைய ஜன்னலுக்குக் கீழே நின்று பாடிய பாட்டு. இந்தத் தீவில் பாதிப் பெண்களுக்கு யாராவது அதைப் பாடியிருப்பார்கள். கடல் உறங்கிவிட்டது, நீ உறங்கவில்லை. ஜன்னல் இடுக்கில் உன் விளக்கு எரிகிறது. வாசலைத் திறக்கச் சொல்லவில்லை நான். கேட்டிருந்தால் போதும் என்று சொல்லி, நாலாவது அடியின் முடிவில் யாருக்காகப் பாடுகிறானோ அவளுடைய பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றெழுத்துப் பெயர் என்றால் கச்சிதமாக உட்காரும். ரூபினி என்பது அந்த இடத்துக்கென்றே வைத்த பெயர் என்று அப்போது அவன் சொன்னான்.

சமையலறையில் உட்கார்ந்து அவள் சி-யைப் பிடித்து மெதுவாக மீட்டிய முதல் நாள், பனயிஸ் கடல் என்றான். உறங்கிவிட்டது என்றான். நீ என்றான். முழுசாக, உச்சரிப்புப் பிசகாமல், பழைய குரலில். ரூபினியின் கை தந்தியை விட்டு நழுவியது. அடுப்பில் மீன் சூப் பொங்கி வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. இரண்டு அடிகளை இருவருமாக முடித்தார்கள். மூன்றாவதில் அவன் சுவரில் மோதியவன் போல நின்றான். தப்பான பிடி. அவளுக்கே காதில் தெரிந்தது. ஆனால் சரியானது எது என்று தெரியவில்லை. தெரிந்தவனால் சொல்ல முடியவில்லை.

வாரக்கணக்கில் அப்படியே போயிற்று. தினமும் இரண்டு அடி, அப்புறம் சுவர். தீவுக்கு வெளியே பாத்ராஸிலிருந்து மகள் மரியெத்தா போன் செய்வாள். "அம்மா, அப்பாவ வெச்சுப் பாத்துக்க இங்க நல்ல இடம் இருக்கு. எந்நேரமும் ஆள் இருப்பாங்க. நீ சலூனைப் பாப்பியா, அப்பாவைத் தூக்குவியா? உன் இடுப்பு போயிடும்." வீட்டின் முன்னறைதான் அவளுடைய சலூன். அங்கே தலைமுடி வெட்டும்போதும் கதவைத் திறந்து வைத்து அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தாள். அவன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தான். கரண்டியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கிட்டாரைத் தொடச் சொன்னால், நாய்க்குட்டியைத் தள்ளுவது போலத் தள்ளினான்.

கடைசியில் அவளே மேமாஸைத் தேடிப் போனாள். டாக்சி நிறுத்தத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"உங்க குழுவுல புதுசா ஒருத்தன் வாசிக்கிறானாமே?"

"கடைக்காரன் கேட்டான், ரூபினி. வெறும் மாண்டலினை வெச்சு எவ்வளவு நாள் ஓட்டுறது?"

"யாரு பையன்?"

மேமாஸ் துணியைப் பிழிந்தான். "ஆர்கொஸ்தோலிக்காரன்," என்றான். லிக்சூரிக்காரர்களுக்கும் அந்த அக்கரை ஊருக்கும் என்றைக்குமே ஆகாது.

"என் புருஷன் எடத்துல ஒரு ஆர்கொஸ்தோலிக்காரன்! அதுக்கு அந்த நாற்காலிய காலியா விட்டிருக்கலாம். பரவால்ல, நான் அதுக்கு வரல. அந்த ஜன்னல் பாட்டுல, மூணாவது அடியில என்ன பிடிக்கணும்னு சொல்லு."

அவன் சலூனுக்கு வந்தான். எழுதக் காகிதம் தேடாமல் புருவ மையை எடுத்துக் கண்ணாடியிலேயே ஆறு கோடு கிழித்துப் புள்ளிகள் வைத்தான். "நீ பிடிக்கிறதெல்லாம் விரல் படாத திறந்த தந்தியோட சத்தம். அதுங்க வீட்ல இருக்கிற மாதிரி, போனா அங்கேயே உக்காந்துடும். இது எஃப். ஆள்காட்டி விரல ஆறு தந்திக்கும் குறுக்க படுக்கப் போடணும். அது வந்துட்டா அப்படியே மேல நகர்த்தி எந்தப் பிடி வேணும்னாலும் பண்ணலாம். அப்புறம் செவன்த்னு ஒண்ணு, அது கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு நிக்கிற மாதிரி. இதோ இதுதான் உனக்கு வேண்டியது, டிமினிஷ்ட். எஃப்-லேருந்து சி-க்குத் திரும்புறதுக்கு நடுவுல வரும். கீழ நாலு தந்தி. ஒரு விரல் முன்ன, ஒரு விரல் பின்ன, மறுபடி முன்ன, பின்ன." புள்ளிகள் கோணல்மாணலாகப் படியேறின. "இதுல யாரும் தங்க முடியாது. வந்த உடனே கெளம்பிடணும். ஆனா இது இல்லாம அந்தப் பக்கம் போக முடியாது."

எஃப் வர வெகுநாள் ஆயிற்று. ஆள்காட்டி விரல் படுத்தால் நடுவில் இரண்டு தந்திகள் செத்துப்போயின. கட்டைவிரலின் அடியில் எலும்புவரை வலித்தது. முன்னிரவில் விரல் நுனிகளில் லேசாகக் காய்த்த தோல், காலையில் நாலு பேருக்குத் தலை அலசியதும் வெந்நீரில் ஊறி மறுபடி பஞ்சாகிவிட்டது. அவள் ரப்பர் உறை போட்டுக்கொண்டு தலை அலசத் தொடங்கினாள். "என்னடி, எனக்கென்ன சிரங்கா?" என்று வாடிக்கைக்காரிகள் சடைத்துக்கொண்டார்கள். கண்ணாடியில் இருந்த புள்ளிகளைப் பார்த்துக் குறுக்கெழுத்துப் போட்டியா என்று கேட்டார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை. வாடிக்கை இல்லாத நேரமெல்லாம் சீப்பைக் கிட்டாரின் கழுத்துப் பலகையாக நினைத்து விரல்களை வைத்து வைத்து எடுத்தாள்.

எஃப் ஒருவழியாக ஒலித்த நாளில் பனயிஸ் மூன்றாவது அடிக்குள் நுழைந்தான். "வாசலைத் திறக்க," என்று பாடினான். அதோடு நின்றான். அடுத்த பிடியில் அவளுடைய சுண்டுவிரல் வழுக்கி, நாலு தந்திகளில் இரண்டு மட்டும் தகரம் போலத் தட்டின. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வாசலைத் திறக்க, வாசலைத் திறக்க. பாட்டில் அது திறக்கச் சொல்லவில்லை என்று முடிய வேண்டிய வரி. முடியாமல் தொங்கியபோது வேறெதையோ அவளிடம் கேட்பது போலிருந்தது. அவனுடைய கண்களில் நீர் வடிந்தது. எந்த வாசலை என்று அவளுக்குத் தெரியவில்லை. இரவில் படுத்தாலும் அந்த அரை வரிதான் காதில் கிடந்தது.

ஒரு மத்தியானம் துண்டுகளை மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். பனயிஸின் மடியில் அவளுடைய முடிவெட்டும் கத்தரிக்கோல் கிடந்தது. கிட்டார் தரையில் கிடந்தது. ஆறு தந்திகளும் வெட்டப்பட்டு நாலா பக்கமும் சுருண்டிருந்தன. எப்படி முன்னறைவரை ஊர்ந்து போய் எடுத்து வந்தானோ, ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது.

"சரி," என்றான்.

அவளுக்குள் இத்தனை நாள் அழுத்தி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. "என்னய்யா சரி? எது சரி? மூணே மூணு பிடி கொடுத்தே எனக்கு. மிச்சத்தையெல்லாம் கடைக்குத் தூக்கிட்டுப் போனே. கண்டவனெல்லாம் உன் பாட்டக் கேட்டான், நான் கேக்கல. இப்ப விரலு கிழிய நானா கத்துக்கிறேன், அதையும் வெட்டிப் போடுறியா? எனக்குப் பாட்டு வேணாம். என் பேரைச் சொல்லு. ஒரே ஒரு தரம் ரூபினின்னு சொல்லிட்டு அப்புறம் செத்துப் போ!"

அவன் உதடுகள் குவிந்தன. முகம் சிவந்தது. நெற்றியில் வேர்த்தது. ஏதோ வரப்போகிறதென்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ச... சரி," என்றான். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். ரூபினி தரையில் உட்கார்ந்து தந்தித் துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்ததும் மகளுக்குப் போன் போட்டாள். "வந்து கூட்டிட்டுப் போ," என்றாள். சனிக்கிழமைப் படகில் காரோடு வருவதாக மரியெத்தா சொன்னாள்.

விஷயம் எப்படியோ மேமாஸுக்குப் போயிருந்தது. வியாழக்கிழமை புதுத் தந்திகளோடு வந்தான். பனயிஸின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டி முறுக்கினான். "புதுத் தந்தி. ரெண்டு நாளைக்கு சுருதி நிக்காது, இறங்கிட்டே இருக்கும்," என்று கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, போகும்போது நண்பனின் செத்த கையை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து ஒரு கணம் அழுத்தினான்.

வெள்ளிக்கிழமை காலை வாடிக்கைக்காரி டயமாந்தினா தலைக்குச் சாயம் பூச வந்தாள். பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போக வேண்டும், இளமையாக ஆக்கிவிடு என்றாள். ரூபினி சாயத்தைப் பூசி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஊறட்டும் என்று உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பனயிஸின் சட்டைகள் மேசைமேல் மடித்து வைத்திருந்தன. பெட்டியில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் சட்டையை எடுக்கப் போய்க் கிட்டாரை எடுத்தாள். ஏனென்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நாளைக்கு இந்த நேரத்துக்கு அவன் நாற்காலி காலியாக இருக்கும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

சி-யை மீட்டினாள். மேமாஸ் சொன்னபடியே ஒரு தந்தி இறங்கியிருந்தது. பிடி சரி, சத்தம் பிசகு. அவள் கவனிக்காமல் மேலே போனாள். பனயிஸ் பாடவில்லை. முகத்தைச் சுளித்தான். பல்வலிக்காரன் போல ஒரு சத்தம் போட்டான். இன்னொரு முறை மீட்டியபோது பொறுக்க முடியாமல் இடது கையை எட்டி நீட்டி, கிட்டாரின் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். இரண்டாவது தந்தியின் முறுக்காணியை மெல்லத் திருப்பினான். "சரி," என்றான். முதல்முறையாக அது அந்தச் சொல்லின் அர்த்தத்திலேயே இருந்தது.

கையை அவன் எடுக்கவில்லை. அது கழுத்துப் பலகையில் கீழே இறங்கி வந்தது. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. மூக்கில் குழாய் இருந்த நாட்களிலும், ஊட்டிவிட்ட நாட்களிலும், கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்த அந்தக் கை இப்போது எங்கே போக வேண்டுமென்று யாரையும் கேட்காமல் போய் நின்றது. ரூபினி நாற்காலியை அவன் பக்கமாக நெருக்கிப் போட்டாள். கிட்டாரின் உடல் அவள் மடியில், கழுத்து அவன் கையில். அவள் வலது கையால் மீட்டினாள்.

அவளுடைய சி-யைப் போல இல்லை அது. எங்கோ மேலே, வேறு இடத்தில் பிடித்த சி. அவன் பாடினான். இரண்டாவது அடியில் கேள்வி கேட்கிற செவன்த் ஒன்றைப் போட்டான், அவள் அறியாதது. அறையே வேறு அறையானது போலிருந்தது. எஃப் வந்தது, வாசலைத் திறக்க என்றான். விரல்கள் கோணல்மாணலாக ஏறி நின்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டு மீட்டினாள். நாலு தந்தியும் சுத்தமாக ஒலித்தன. "சொல்லவில்லை நான்," என்று அவன் அந்தப் பக்கம் போய்விட்டான்.

முன்னறையிலிருந்து டயமாந்தினா வந்து நின்றதை அவள் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைக்குக் கீழே சாயம் காதோரமாக வழிந்துகொண்டிருந்தது. நேரம் கடந்துவிட்டிருக்க வேண்டும். டயமாந்தினா வாயைத் திறந்தாள், கூப்பிடாமல் மூடிக்கொண்டாள்.

நாலாவது அடி. கேட்டிருந்தால் போதும். அவனுடைய குரல் பெயர் வரும் இடத்துக்கு ஏறியது. ரூபினி மீட்டுவதை விடாமல் அவன் உதடுகளையே பார்த்தாள். ராகம் சரியாக மூன்று படிகள் இறங்கியது, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். ஆனால் பெயரின் எழுத்து எதுவும் இல்லை. திறந்த வாயிலிருந்து வெறும் 'ஆ' என்ற ஓசை மட்டும் வந்தது.

அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வெளியே துறைமுகத்தில் படகு சங்கு ஊதியது. பனயிஸின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. கழுத்துப் பலகையில் அவன் கை மெதுவாகப் பின்னால் நகர்ந்து, ஒரு விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாக மூன்றாவது அடியின் அந்தப் பிடியைத் திரும்பப் பிடித்து, நகம் வெளுக்க அழுத்திக்கொண்டு, அவளுடைய கை மறுபடி மீட்டுவதற்காகக் காத்து நின்றது.