சுவருக்குள் இருந்த நூலகம்

பழைய நூலகத்தின் பின்சுவரை இடிக்கக் கடப்பாரையால் நெம்பியபோது, இடிந்த மண்ணோடு ஒரு கம்பளி மூட்டை சபிர்குலின் காலடியில் விழுந்தது. பிரித்தான். ஆறேழு புத்தகங்கள். வலமிருந்து இடமாக ஓடும் பழைய அரபு எழுத்து.

சபிர்குல் மலைமேய்ச்சலில் ஆட்டோடு வளர்ந்தவன். நாற்பதைத் தாண்டித்தான், இதே கட்டடத்தில், நூலகர் புருல்சாவிடம் எழுத்துக் கற்றான். அது வேறு எழுத்து. இதில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

"பிஸ்மில்லா! வேதம்டா!" மேஸ்திரி தொப்சுபாய் ஒன்றை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"உள்ள ஆட்டுப் படம் போட்டிருக்கே அண்ணே."

"உனக்கு எங்க பார்த்தாலும் ஆடுதான். வாயக் கழுவு."

நைந்த வேத ஏட்டைக் குப்பையில் போடும் வழக்கம் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. மனிதனைப் போலவே அதற்கும் குழி. இடுகாட்டின் ஓரத்தில் சபிர்குல்தான் தோண்டினான். வேலையாட்கள் எல்லாரும் கையேந்தி ஓதினார்கள், மண் தள்ளினார்கள்.

புதுக் கட்டடத்தில் புத்தகம் இறக்கிக்கொண்டிருந்த புருல்சா, சேதி எட்டியதும் மூச்சிரைக்க இடுகாட்டுக்கு ஓடிவந்தாள்.

"முதல் பக்கத்துல வட்டமா முத்திரை இருந்துச்சா? நடுவுல கூடாரம்?"

"இருந்துச்சுக்கா," என்றான் சபிர்குல்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம ஊர்ல முதல் நூலகமே ஒரு கூடாரம்தான். ஒட்டகத்துல ஏத்தி மேய்ச்சலுக்கு மேய்ச்சல் கொண்டுபோனாங்க. ஆட்டுக்குச் சொறி வந்தா என்ன பண்ணணும், புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும்னு எல்லாம் நம்ம பாஷையிலதான். எழுத்துதான் பழசு. அப்புறம் மேலிடம் எழுத்த மாத்துச்சு, எரிச்சாங்க. மறுபடி மாத்துச்சு, மறுபடி எரிச்சாங்க. ஒண்ணுகூட மிஞ்சலன்னுதான் இத்தன வருஷமா சொல்லிட்டிருந்தேன். எவனோ உசுரப் பணயம் வெச்சு ஒளிச்சிருக்கான். நீங்க மரியாதையா பொதச்சிட்டீங்க."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் காகிதம் கூழாகிவிடும்.

"தோண்டுங்கப்பா," என்றாள்.

யாரும் அசையவில்லை. "ஓதி மூடின குழியத் தொறக்கச் சொல்றீங்களே அக்கா," என்றான் தொப்சுபாய். "தொறந்தவன் வீட்டுல அடுத்த சாவு விழும். தெரியாதா உங்களுக்கு?"

சபிர்குலுக்கும் தெரியும். வீட்டில் மருமகள் நிறைமாதம். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, இந்த மண்வெட்டி ஏன் தன் கையில் வந்து மாட்ட வேண்டும்?

புருல்சா அவனை வற்புறுத்தவில்லை. எழுந்து போய், வெறுங்கையாலேயே மண்ணைப் பறிக்கத் தொடங்கினாள். தன் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்த அந்த விரல்களில் நகம் பிய்வதை அவன் பார்த்தான்.

"தள்ளுங்கக்கா."

அவன் முதல் வெட்டு வெட்டியதும் மற்றவர்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். யாரும் தடுக்கவுமில்லை. தூறல் விழுந்தது. ஒவ்வொரு புத்தகமாக அவன் எடுத்துக்கொடுக்க, புருல்சா சால்வைக்குள் வாங்கிக்கொண்டாள்.

"சபிர்குல்," என்றான் தொப்சுபாய், திரும்பாமலே. "மருமகளுக்கு எத்தனாவது மாசம்?"

"ஒம்போது அண்ணே."

தொப்சுபாய் ஈரமண்ணில் மண்டியிட்டான். இரண்டு கையையும் ஏந்தி, மருமகளின் பெயரைச் சொல்லி, அவளைக் காக்கும்படி மறுபடி ஓத ஆரம்பித்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் மண்டியிட்டார்கள்.