சத்தம் போடாத கார்

தேவிப்பிரியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்கு வேலூர் மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டார்கள். மஜ்ஜை கொடுப்பவர் அவள் அப்பா அருண்குமார். கூட இருந்து பார்த்துக்கொள்ள அம்மா சுசித்ரா. பதினொரு வயதுப் பெண்ணும் அவர்களுமாக மூவரும் ஆறு மாதத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மருத்துவமனைப் பக்கத்தில் கிடைத்த வாடகை அறை ஒரு முட்டுச்சந்துக்குள் இருந்தது. அங்கே கார் நிறுத்த இடமில்லை. அதனால் கார், தீர்த்தமலைச் சாலையோரம் இருந்த அவர்கள் வீட்டு ஷெட்டிலேயே நின்றது.

அது ஹைபிரிட் கார். பாதி பேட்டரியிலும் பாதி பெட்ரோலிலும் ஓடும். பிரியாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாமல் போனதால் வேலூருக்குப் போய்வரவே வாங்கியது. சிகிச்சை முடிந்து வரும்போது கூட்டத்தில் யாரோடும் ஒட்டாமல் அவளைக் கூட்டி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கும் இந்தக் காரைத்தான் நம்பியிருந்தார்கள்.

புறப்பட்ட அன்று காலை சுசித்ரா சாவியைப் பக்கத்து வீட்டு பாஞ்சாலியிடம் கொடுத்தாள். சுசித்ரா டீச்சராக இருக்கும் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள் பாஞ்சாலி. கணவன் இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை கிடையாது.

"வாரத்துக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் ஆன் பண்ணி வெச்சா போதுங்க்கா. சும்மா நின்னா பேட்டரி எறங்கிரும். பிரேக்க மிதிச்சுக்கிட்டு இந்த பட்டன அமுக்கணும். சத்தம் வரலியேன்னு நெனைக்காதீங்க, இது சத்தம் போடாது. வெளக்கு எரிஞ்சா சரி" என்றாள் சுசித்ரா. வெளியே வாடகை வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பிரியா பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பாஞ்சாலியின் கண் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பட்டன் மனதில் நின்றது, பிரேக் நிற்கவில்லை.

ஒரு ஞாயிறுகூட அவள் தவறவிடவில்லை. பத்து மணிக்கு ஷெட் கதவைத் திறப்பாள். உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்துவாள். திரை வெளிச்சமாகும், ஏதேதோ விளக்குகள் எரியும். சத்தம் வராது. அதுதான் சரி என்று டீச்சர் சொல்லியிருக்கிறாளே. முழுசாக ஒரு மணி நேரம் கண்ணாடியையும் சீட்டையும் துடைத்துவிட்டு, அணைத்துப் பூட்டுவாள்.

ஆறாவது ஞாயிறு சாவியை எத்தனை முறை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. அன்று மாலை போன் செய்த சுசித்ராவின் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"காரு எப்படி இருக்குதுங்க்கா?"

"நல்லா இருக்குதுங்க டீச்சர். பிரியா எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்கறா. நல்லா சாப்புடறா."

அடுத்த வாரமும் இதே பேச்சு. பாஞ்சாலி சரியாகத் தூங்கவில்லை. குழந்தை வீடு திரும்பும் நாளில் கார் கிளம்பாமல் நின்றால் அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது? கடைசியில் ஒரு சனிக்கிழமை அரூருக்குப் பஸ் ஏறி, கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் மாது என்பவரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தாள்.

மாது சாவிக்கொத்துக்குள் ஒளிந்திருந்த சின்ன இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தார். "எப்படி ஆன் பண்ணீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். அவள் உட்கார்ந்து பட்டனை அழுத்திக் காட்டினாள்.

"பிரேக்க மிதிக்கலீங்களா?"

"எதுக்கு மிதிக்கணும்? வண்டி நிக்கத்தானே செய்யுது."

மாது சிரிக்கவில்லை. "அக்கா, இதுல ரெண்டு பேட்டரி. பெருசு வண்டிய ஓட்டறது. சின்னது பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாத்தயும் எழுப்பறது. பிரேக்க மிதிச்சு அமுக்கினாதான் பெருசுலருந்து சின்னதுக்குக் கரண்டு ஏறும். மிதிக்காம அமுக்கினா வெளக்கு மட்டும் எரியும், சின்னது தீந்துக்கிட்டே வரும்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அப்ப வாராவாரம் நாந்தான் தீத்திருக்கறேன்."

"தெரியாம பண்ணதுக்கு என்னங்க பண்றது?" என்றபடி அவர் தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டினார். அவளையே பிரேக்கை மிதித்து அழுத்தச் சொன்னார். திரையில் பச்சையாக 'ரெடி' என்று வந்தது. ஒயரைக் கழற்றிய பிறகும் அது எரிந்தது. சற்று நேரத்தில் இன்ஜின் தானாக உறும, பாஞ்சாலி துள்ளி இறங்கப் பார்த்தாள்.

"உக்காருங்க. பெரிய பேட்டரி கொறஞ்சா இன்ஜின் அதுவா ஓடி ஏத்திக்கும், அப்புறம் அதுவா நிக்கும். ஷெட் கதவு மட்டும் தொறந்தே இருக்கணும், பொகை உள்ள தங்கக் கூடாது. இவ்ளோ கஷ்டம் எதுக்கு, சின்ன பேட்டரியோட மைனஸ் ஒயர கழட்டி வெச்சிட்டா நீங்க வாராவாரம் வர வேணாம்."

பாஞ்சாலி யோசித்தாள். "வேணாங்க. அந்தப் புள்ளைக்குன்னு நான் செய்யறது இது ஒன்னுதான். நானே உக்காந்துக்கறேன்."

மாது போனதும், ரெடி விளக்கு எரியும் காருக்குள் இருந்தபடியே அவள் சுசித்ராவைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், உங்ககிட்ட ரெண்டு வாரமா பொய் சொல்லிட்டேங்க. காரு செத்துப் போச்சு. நாந்தான் சாகடிச்சேன். இப்பதான் ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு."

பாஞ்சாலி திட்டு வாங்கத் தயாராக இருந்தாள்.

"நானும் பொய்தாங்க்கா சொன்னேன்" என்றாள் சுசித்ரா. "பிரியா ஒரு வாய் சாப்புடல. பன்னெண்டு நாளா ஐசியூல இருந்தா. எங்கம்மாகிட்டகூட சொல்லல. வாயால சொன்னா நடந்துருமோன்னு பயம்." அவள் அழ ஆரம்பித்தாள். அழுகை ஓய்ந்ததும் பாஞ்சாலி, "இப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னிக்கி காலைல வார்டுக்கு மாத்திட்டாங்க. ரெண்டு ஸ்பூன் கஞ்சி எறங்குச்சு."

அதன்பின் ஞாயிறு பத்து மணி அவர்கள் இருவருக்குமான நேரமானது. பாஞ்சாலி 'நல்லா இருக்காளா' என்று கேட்பதை விட்டுவிட்டாள். எத்தனை தடவை வாந்தி எடுத்தாள், வெள்ளை அணு ஏறியதா, வாய்ப்புண் ஆறியதா என்று கேட்டாள். சுசித்ராவும் உள்ளதைச் சொன்னாள். சில வாரம் சொல்வதற்கு நல்லது ஒன்றுமே இருக்காது. அன்றும் போனை வைக்காமல் இருவரும் இருப்பார்கள்.

ஆடி மாதம் அருண்குமார் பஸ்ஸில் வந்திறங்கி, காரை எடுத்துக்கொண்டு வேலூர் போனார். மறுநாள் மதியம் மூவரும் வந்து சேர்ந்தார்கள். வெளியாட்கள் கிட்டே வரக் கூடாது என்பதால் பாஞ்சாலி முகக்கவசம் போட்டுக்கொண்டு இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றாள்.

பிரியா பாதியாக இளைத்திருந்தாள். கதவருகே நின்று தொப்பியைக் கழற்றினாள். "பெரிம்மா, முடி சுருட்டையா வருது. தெரியுதா?"

பாஞ்சாலி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சரியாத் தெரியல கண்ணு. நீ பக்கத்துல வர்ற அன்னிக்கி தொட்டுப் பாக்கறேன்."

"இன்னும் ரெண்டு மாசம் ஆவும்னு சொல்லியிருக்காங்க."

"ஆவட்டும்" என்றாள் பாஞ்சாலி.